காது கேளாதவர்களைக் கத்திக் கூப்பிட்ட நேர்காணல்

பாகூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இருந்தே பாதி வக்கீலாகிவிட்ட மாமா வீரப்பன் அவர்களுக்கு, ஒதியம்பட்டிலிருந்து உங்கள் அக்கா மகன் சார்லஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். ஜெயசித்ரா அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது; அரசாங்கத்துக்கு மட்டும் அது போன வாரம்தான் தெரிந்தது.

காது கேளாதோர் பள்ளியில் அக்கா தற்காலிக ஆசிரியையாகவே தேய்ந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையை நிரந்தரமாக்க நேர்காணல் வைத்தார்கள். பி.எட். முடித்துச் சும்மா இருக்கும் நான், அவள் கையால் பேசுவதை வாயால் சொல்லத் துணைக்குப் போனேன். வராந்தா முழுக்கக் காது கேளாதவர்கள். பியூன் கதவுக்கு உள்ளேயே நின்று "ஜெயசித்ரா! ஜெயசித்ரா!" என்று கத்திவிட்டு, "வரலீங்க சார்" என்று சொல்லிவிட்டார். நான் பாய்ந்துபோய், "இன்னா சார், காது கேக்காதவங்கள இப்படியா கூப்புடுறது?" என்றேன். "அதுக்குத்தாம்பா சத்தமா கூப்ட்டேன்" என்றார்.

உள்ளே தலைமை அதிகாரி மூக்கு முடியைப் பிடுங்கிக்கொண்டே விதியைப் படித்தார். ஆசிரியருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சான்று வேண்டுமாம். ஒதுக்கீட்டில் வருபவருக்குக் கேட்கவில்லை என்று டாக்டர் சான்று வேண்டுமாம். இந்த இடத்துக்கு இரண்டும் வேண்டுமாம். "எந்தக் காதுக்கு எது சார்?" என்று கேட்டேன். முறைத்தார். "கிளாஸ்ல புள்ளைங்க சத்தம் போட்டா இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதை நான் சைகையில் சொன்னதும் அக்கா கையாலேயே பதில் சொன்னாள்: "எங்க புள்ளைங்க கையாலதான் சண்டை போடும். முதுகக் காட்டிக்கினு போர்டுல எழுதுற வாத்தியாருக்குத்தான் ஒண்ணும் தெரியாது." பிறகு, அந்தப் பள்ளியில் புது ஆள் யார் வந்தாலும் ஒரு சைகைப் பெயர் வைக்கும் வழக்கப்படி அவருக்கும் வைத்தாள்: மூக்கு முடியைப் பிடுங்குவதுபோல இரண்டு விரல். "இன்னாபா சொல்றாங்க?" "நன்றி சொல்றாங்க சார்." அவரும் மகிழ்ந்து, அதே சைகையைத் திருப்பிச் செய்தார்.

முடிவு, தகுதி இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் புரிவதெல்லாம் தகுதியில் சேராதாம். வயிறு எரிகிறது மாமா. சைகை தெரியாத எவனையாவது கொண்டுவந்து போடுவார்கள். பிள்ளைகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும். அக்காவை விட்டு அந்த நாற்காலியில் எவன் உட்கார்ந்தாலும் அவன் திருடன். வக்கீலிடம் சொல்லி உடனே வழக்குப் போடுங்கள்.

அத்தைக்கு வணக்கம். வெண்ணிலாவுக்கு என் அன்பு. உங்களுக்குச் சர்க்கரை குறையட்டும், கோபம் ஏறட்டும்.

இப்படிக்கு,
சார்லஸ்

பி.கு.: வழக்கு வேண்டாம். உறையை ஒட்டும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எனக்குச் சைகையும் தெரிகிறதாம், காதும் கேட்கிறதாம், பட்டமும் இருக்கிறதாம். அந்த இடத்தில் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அக்கா என் எதிரில் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.