லைல் ஹோஸ்டெட்லரின் கார் வளைந்து கொடுக்காமல் ஆன வரலாறு

மனித நாகரிகத்தின் சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் நெருப்பு, சக்கரம், அச்சுக்கூடம் என்று மூன்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒஹையோவின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் வில்மாட் ஊரைத் தெரியாது. தெரிந்திருந்தால் நான்காவதாக, லைல் ஹோஸ்டெட்லரின் காருக்கு அடிவயிற்றில் இரும்பு சேர்த்த நிகழ்ச்சியை எழுதியிருப்பார்கள். அந்த மகத்தான பணியை நிறைவேற்றியது வில்மாட் வட்டாரப் பழைய மஸில் கார் சங்கம். நான் அதன் செயலாளர். ஆகவே பாரபட்சம் இல்லாமல் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

கார் 1968-இல் செய்தது. கூரையைப் பின்னுக்கு மடக்கிவிடலாம். முன்னால் லாரிக்குப் போதுமான இன்ஜின்; பின்னால் மரியாதைக்கு ஒரு சீட். மஸில் கார் என்றால் அவ்வளவுதான். எந்தக் கம்பெனியின் கார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்க மாட்டார்கள். மீதிப் பேர் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

லைல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் பழக்கம். அறிவுரையையும் அப்படியே வாங்கிக்கொள்வார். அதாவது எங்கள் சங்கத்துக்கென்றே பிறந்தவர். அவர் மனைவி மார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் இருவரும் கூரையை மடக்கிவிட்டு ஈரி ஏரிக்கரைக்குப் போய்ப் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இன்ஜின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நாற்பது வருஷ ஒற்றுமையின் ரகசியம் அதுதான் என்று மார்லீனே சொல்வதுண்டு.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது மார்லீன் பக்கத்துக் கதவு கிரீச்சிட்டது. வண்டி நின்றதும், "கதவு கத்துது லைல், கொஞ்சம் எண்ணெய் விடேன்" என்றார். எண்ணெய் விட்டிருந்தால் அன்று மாலையே கதை முடிந்திருக்கும். ஆனால் லைல் பொறுப்புள்ள உறுப்பினர். சங்கத்தில் வந்து சொன்னார்.

மூடிப்போன பௌலிங் கூடத்தின் பின்னறையில்தான் நாங்கள் கூடுவோம். தலைவர் ரெக்ஸ் ப்ரூபேக்கர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தவர்; விழுந்த பேனாவைக்கூடக் குனிந்து எடுக்காத நிமிர்வு அவருக்கு. லைல் சொன்னதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். சாவு வீட்டில்தான் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறோம்.

"அது கதவு இல்லப்பா," என்றார். "சேசிஸ் முறுக்கிக்குது."

விஷயம் இதுதான். சேசிஸ் என்றால் காரைத் தாங்கும் அடிச்சட்டம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் ஒரு சட்டம், பின்பக்கம் ஒரு சட்டம். நடுவில் இருப்பது வெறும் தகடு. கூரையும் இல்லையென்றால், மூடி எடுத்த செருப்புப் பெட்டி மாதிரி. இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள், தெரியும். இதுவரை உண்மை. இதற்கு மேல்தான் சங்கம்.

அன்றே 'முறுக்கு ஒழிப்புத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. பெயரைப் பார்த்துப் பலகாரத்துக்கு எதிரான இயக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். துணைக்குழு டோநட்டைத் தவிர வேறு எதையும் ஒழிக்கவில்லை.

முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்க இரண்டு இரும்புக் குழாய்கள் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எங்கள் சங்கத்தில் ஒரே கருத்து இருந்தால் அது ஆபத்து என்பதால், அவற்றை போல்ட் போட்டு மாட்டுவதா, வெல்டிங் வைப்பதா என்று உடனே இரண்டு கட்சிகள் தோன்றின. போல்ட் கட்சிக்குத் தலைவர் ப்ரூபேக்கர். வெல்டிங் கட்சிக்கு வெண்டல் கூன்ட்ஸ், பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

பனிக்காலம் முழுவதும் தர்க்கம் நடந்தது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி கொதிக்கும் பானையைச் சுற்றி அனல். வெண்டல் எழுந்து, "போல்ட் போட்டா இன்னிக்கு இறுக்கம், நாளைக்கு லொடலொட. சேத்தா பிரியக் கூடாது, அப்பிடிச் சேக்கணும்" என்றார். மூன்று முறை விவாகரத்து ஆனவர் சொன்னதால் அந்த வார்த்தைக்குத் தனி கனம் இருந்தது. தப்பென்று பின்னால் தெரிந்தால் கழற்ற வேண்டாமா என்று ப்ரூபேக்கர் கேட்டார்.

"நம்ம சங்கம் என்னிக்கு தலைவரே தப்பு பண்ணியிருக்கு?" என்றார் வெண்டல்.

வெல்டிங் வென்றது.

பிறகு குழாய் சதுரமா, உருண்டையா என்பது. சதுரம் என்று முடிவானதும் ப்ரூபேக்கர் ஒரு புதிய தத்துவத்தை வெளியிட்டார்: ஓரிடத்தை விறைப்பாக்கினால் மெலிவு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும், ஆகவே அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். துரத்தினோம். குழாய்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம். இன்ஜினுக்கு மேலே ஒரு பட்டை. அப்புறமும் மெலிவு எங்கேயோ ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் வரவே, உட்காருகிற இடத்தைச் சுற்றி இரும்புக் கூண்டு. கூண்டுக்கு இடம் வேண்டி, மரியாதைக்கு இருந்த பின் சீட்டும் போயிற்று.

லைலைக் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டோம். பக்கத்தில் மார்லீன் சௌகரியமாக உட்கார்ந்தால் போதும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சொன்னார். அது தொழில்நுட்பக் கருத்து அல்ல என்பதால் குறிப்பில் ஏற்றவில்லை.

இதற்கிடையில் மார்ச் மாதம் மார்லீனுக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தது. ஜூன் முதல் சனிக்கிழமை அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள். கல்யாணத்தன்று சாப்பிட்ட அதே ஏரிக்கரைக் கடைக்கு அதே காரில் போக வேண்டும் என்பது மார்லீனின் ஆசை. கார் சீட்டின் உயரத்தை லைல் அளந்து வந்து, அதே உயரத்துக்கு ஒரு ஸ்டூலின் கால்களை அறுத்துக் கொடுத்தார். சமையலறையில் அதைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தினமும் உட்கார்ந்து எழுந்து பழகினார் மார்லீன். முதல் தடவை கையை ஊன்றாமல் எழுந்த அன்று லைல் சங்கத்துக்கு வந்து அதைச் சொன்னார். நாங்கள் அப்போது குழாயின் தகட்டுக் கனத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்ததால், தலைவர் அவரை உட்காரச் சொன்னார்.

மே மாதம், வெண்டலின் கொட்டகையில் வெல்டிங் விழா.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. கார் தன் சக்கரங்களின் மேல், தன் முழு எடையோடு நிற்கும்போதுதான் பற்றவைக்க வேண்டும். அந்தரத்தில் தூக்கிவைத்துப் பற்றவைத்தால், தூக்கிய கோணல் அப்படியே நிலைத்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறோம். ஆனால் அன்று சங்கத்தின் காலண்டருக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. கார் தரையில் நின்றால் இத்தனை மாத ஆலோசனையின் பலன் படத்தில் தெரியாது. எனவே மூக்கிலும் வாலிலும் முட்டுக் கொடுத்து உயரத் தூக்கினோம். கதவுகளை அழுத்திச் சாத்தி மெருகு போட்டோம். நடுவயிறு லேசாகத் தொங்கியது. வெண்டல் சிரித்த முகத்தோடு தீப்பொறி பறக்க எல்லாவற்றையும் பற்றவைத்தார். படம் மிக நன்றாக வந்தது.

காரை இறக்கினோம். கைதட்டினோம். லைல் கதவின் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. சுற்றிப் போய் மார்லீன் பக்கத்துக் கதவை இழுத்தார். அதுவும் திறக்கவில்லை. ஒரு காலைக் காரில் ஊன்றிக்கொண்டு இழுத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா," என்றார் ப்ரூபேக்கர். "எவ்வளவு விறைப்பு."

மறுபடி கைதட்டினோம்.

இரும்பை வெட்டிவிட்டுத் திரும்பச் சரியாக வைக்கலாமே என்று லைல் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜூலையில் சங்கம் நடத்தும் கார்க் கண்காட்சி முடியட்டும் என்று எல்லோரும் அன்போடு அவர் தோளைத் தட்டினோம். பந்தயக் கார்களில் கதவே கிடையாது என்று வெண்டல் நினைவூட்டினார். திறக்காத ஒன்றைக் கதவு என்று அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று கண்டறிந்து, இனி அது 'பக்கச் சுவர்' எனப்படும் என்று தலைவர் அறிவித்தார்.

ஜூன் முதல் சனிக்கிழமை, லைலின் வீட்டு வாசலில் சங்கச் சட்டை அணிந்து அனைவரும் கூடியிருந்தோம். தம்பதியர் புறப்படும் காட்சியும் காலண்டருக்கு வேண்டுமல்லவா? லைல் முன்பே மேல்வழியாக ஏறி, கூண்டுக்குள் நுழைந்து, ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருந்தார். மார்லீன் நீல உடையில், கைத்தடியோடு வந்தார்.

"கதவத் தொற லைல்."

"தொறக்காது மார்லீன்."

"எந்தப் பக்கம் தொறக்கும்?"

"எந்தப் பக்கமும் தொறக்காது. மேல ஏறி உள்ள இறங்கணும். வெண்டல் ஏணி கொண்டாந்திருக்கான்."

வெண்டல் ஏணியைக் காட்டினார். பெயின்ட் புதிது. ப்ரூபேக்கர் முன்னால் வந்து, முறுக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது, இதில் சங்கத்தின் பங்கு என்ன என்று விளக்கினார். பஸ்ஸில் சண்டை போட்ட பிள்ளைகள் காரணம் சொல்லும்போது கேட்பதைப் போல, மார்லீன் முழுவதையும் கேட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் எனக்காகத்தான செஞ்ச?"

"ஆமா."

"நான் கேட்டது எண்ணெய், லைல்."

தடியை ஊன்றி நடந்து போய், காய்கறி வாங்கப் போகிற தன் பழைய வேனில், எந்த உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் அதைப் படம் எடுக்கவில்லை. இன்ஜினைப் போட்டார். உடனே கிளம்பிவிடுவார் என்று நினைத்தோம். கிளம்பவில்லை. உள்ளிருந்தபடியே சாய்ந்து, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

லைல் எங்களைப் பார்த்தார். இன்னும் ஒரு படம்தான் பாக்கி என்று தலைவர் சொன்னார். லைல் சீட்டின் மேல் எழுந்து நின்றார். கூண்டில் தலையை இடித்துக்கொண்டார். காலை வெளியே போடும்போது பேன்ட் கம்பியில் மாட்டி, பின்பக்கம் நீளமாகக் கிழிந்தது. ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு புல்வெளியைக் கடந்து வேனில் ஏறினார். அன்று அந்த வாசலில் வளைந்து கொடுத்தது அவர் முதுகு ஒன்றுதான். வேன் தெருமுனையில் திரும்பும்போது உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததாக வெண்டல் சொன்னார். வேனில் இன்ஜின் சத்தம் கிடையாது. என்ன பேசினாலும் கேட்டிருக்கும்.

அடுத்த வாரமே அந்த அட்டூழியம் நடந்தது. லைல் வெட்டுக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து, சங்கத்தோடு கலந்து பேசாமல், கூண்டை அறுத்தார். குறுக்குச் சட்டத்தை அறுத்தார். குழாய்களின் முனைகளை வெட்டிவிட்டார். கதவுகள் திறந்துகொண்டன. பிறகு அந்த இரண்டு குழாய்களை மட்டும், கார் தன் சக்கரங்களில் நிற்க, உரிய எடை வேண்டும் என்பதற்காக மார்லீனையும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். உள்ளே மார்லீன் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. வெல்டிங்கை அவமதித்தார் என்று வெண்டல் குற்றம் சாட்டினார். போல்ட்டைத் தீர்மானம் இல்லாமல் பயன்படுத்தினார் என்று ப்ரூபேக்கர் குற்றம் சாட்டினார். சங்க வரலாற்றில் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுவே முதல் முறை. எனக்குக் கண் கலங்கியது. அனுமதி பெறாத மனைவியை அளவுக் கருவியாக உபயோகித்தது, கண்காட்சிக்குத் தயாராக வேண்டிய காரை மீன் தின்ன ஓட்டிப்போனது என்று மேலும் இரண்டு குற்றங்களை நானே சேர்த்தேன். லைல் ஹோஸ்டெட்லர் சங்கத்திலிருந்து ஏகமனதாக நீக்கப்பட்டார்.

அதன் பிறகு, அடுத்து யாருடைய காரை உறுதிப்படுத்துவது என்ற விவாதம் தொடங்கியது. சில்லி தீர்ந்தது, காபி தீர்ந்து மறுபடி போட்டோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 'இன்னுமா வரவில்லை' என்று கேட்டு, எங்களில் ஒருவருக்கும் வீட்டிலிருந்து போன் வரவில்லை. சங்கத்தின் உறுதிக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?