போட்டி வேண்டாம் என்றேன், டின்னர் போயிற்று

நாட்டில் எது நடந்தாலும் உடனே கருத்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தினமும் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வந்து எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? பஸ்ஸில் நின்றபடியே பேஸ்புக்கில் அரசாங்கத்துக்கு ஆலோசனை எழுதுவேன். (அரசாங்கம் ஒருமுறைகூட லைக் போட்டதில்லை.)

என் பரிசம் குளுவாங்கில், பெண் வீட்டில் நடந்தது. ஜொகூர் பாரு பக்கம் எங்கள் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சொந்தபந்தம், சீர்த்தட்டுகள் சகிதம் போய் இறங்கினோம். தட்டு மாற்றுவதற்கு முன் கல்யாணத் தேதி, கோயில், வரவேற்பு டின்னர் எல்லாவற்றையும் சபையில் சொல்லிச் சம்மதம் கேட்பது வழக்கம். சபையில் சொன்னது சொன்னதுதான். தாலி கட்டுவது குளுவாங் கோயிலில், டின்னர் எங்கள் பொறுப்பில் ஜொகூர் பாருவில் என்று முன்பே பேசியிருந்தார்கள். அந்த டின்னர் அம்மாவின் கனவு. ஊரார் டின்னருக்கெல்லாம் மொய்க் கவரோடு போய் மூலை மேசையில் உட்கார்ந்தவர், ஒரு தடவையாவது தானே வாசலில் நின்று நாலு பேரை வரவேற்க ஆசைப்பட்டார்.

நல்ல நேரத்துக்குக் காத்திருந்தபோது டிவியில் செய்தி ஓடியது. வேறொரு நாடு கைவிட்ட பெரிய அனைத்துலக விளையாட்டுப் போட்டியை நாம் ஏற்று நடத்தலாமா என்று யோசிக்கிறார்களாம்.

"நடத்தணும் லா," என்றார் வருங்கால மாமனார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். இளம் வயதில் கோலாலம்பூரில் அப்படியொரு போட்டியில் தொண்டூழியராக இருந்தவர். "அன்னிக்கு நான் வழி காட்டுன வெள்ளக்காரன் இன்னும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புறான். நாட்டுக்குப் பேரு!"

மாப்பிள்ளைக்கு அழகு தலையாட்டுவது. நானோ எழுந்து நின்றேன்.

"பேர வச்சு என்ன மாமா செய்றது? ரெண்டு வாரக் கூத்துக்கு ஸ்டேடியம் கட்டுவாங்க. அப்புறம் அதுல லாலான் புல்லு முளைக்கும். வந்தவன் நல்லா சாப்பிட்டுட்டு, குறையும் சொல்லிட்டுப் போயிருவான். வெறும் பகட்டு!"

பெண் வீட்டு இளவட்டங்கள் கைதட்டினார்கள். (அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். விதி யாரை விட்டது?) கதவருகே நின்ற சுகந்தி, அதாவது நான் கட்டிக்கொள்ளப் போகிறவள், என்னை முறைத்தாள். ரசிக்கிறாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

மாமனார் அமைதியாகக் கேட்டார். "ரெண்டு வாரம் நடக்குறதே பகட்டுங்கறீங்க. நீங்க வைக்கிற டின்னர் மூணு மணி நேரந்தானே தம்பி? அது மட்டும் என்னவாம்?"

கொள்கை என்று வந்தபின் பின்வாங்கலாமா? "அதுவும் பகட்டுதான் மாமா! கோயில் சாப்பாடே போதும்!"

"சபையில சொன்னதா எடுத்துக்கலாமா?"

"தாராளமா!"

எங்கள் தரப்பில் பேச வந்த பெரியப்பா முறை தவறாதவர். உடனே எழுந்து, "மாப்பிள்ளை விருப்பப்படி டின்னர் இல்ல, கோயில்லயே சாப்பாடு. சம்மதமா?" என்றார். சபை சம்மதம் என்றது. தட்டு மாறிவிட்டது. அம்மா மட்டும் முதல் ஆளாகப் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கத்தில் அம்மாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "என் டின்னர் பகட்டாடா?"

வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் கருத்து எதுவும் இல்லை.

கொஞ்ச நாளில் அரசாங்கமும் அந்தப் போட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டது. மாமனார் போன் செய்தார். "நீங்க சொன்னத அரசாங்கமே ஏத்துக்கிச்சு மாப்பிள்ள. உங்கம்மாதான் இன்னும் ஏத்துக்கலயாம்?"

ஏற்கவில்லை. கல்யாணம் டின்னர் இல்லாமலே முடிந்தது; பிறகு என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா யாரையும் கேட்காமல் மண்டபம் பிடித்தார். வந்தவர்களை எல்லாம் தானே வரவேற்றார். அறிவிப்பாளரிடம், "என் மகன் கேட்டா மைக்க மட்டும் குடுத்துறாதீங்க," என்று சொல்லி வைத்திருந்தார்.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் இதே கதைதான். அண்மையில் மூவாரில் சுகந்தியின் தங்கை கல்யாண டின்னர். மணமக்களை வாழ்த்த மேடைப்படியில் கால் வைத்தேன். எங்கிருந்தோ மாமனாரின் குரல் வந்தது:

"அலமாக்! மைக்க ஆஃப் பண்ணுங்கப்பா, இன்னும் சாப்பாடு போடல!"