மாமாவுக்கு வைத்த சர்ப்ரைஸ்

நாலு ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவனை நம்பி ஒரு காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. நான் அப்படிப்பட்டவன்தான்.

அப்போது நெல்லியடியில் ரியூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ‘சர்ப்ரைஸ்’ என்றால் புருவம் உயரும், ‘ஸ்டார்ட்டில்’ என்றால் திடுக்கிடும், ‘அஸ்டொனிஷ்’ என்றால் வாய் பிளக்கும், ‘போல் ஓவர்’ என்றால் சந்தோஷத்தில் ஆளே சரிந்துபோகும் என்று பலகை நிறைய எழுதுவதில் எனக்கு அப்படியொரு பெருமை.

நானும் நிரோஜாவும் காதலித்தோம். உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்யும் அவளுடைய அப்பா, “யோசிச்சுச் சொல்லுறன்” என்றுவிட்டு மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. கனடாவில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்பிச் சொல்லிவிட, ஊரிலுள்ள தாய்தகப்பனுக்குக் கேக்கோடு வாசலில் வந்து குதிக்கிற சர்ப்ரைஸ்காரர்கள் இப்போது யாழ்ப்பாணம் முழுக்க இருக்கிறார்களே, அதில் ஒரு கோஷ்டியைப் பிடித்தேன்.

“அப்பாவுக்குக் கேக் மட்டும் காணும்” என்றாள் நிரோஜா.

“உமக்கு விளங்காது. இது ‘போல் ஓவர்’” என்று பாண்ட் வாத்தியமும் கேட்டுவிட்டேன்.

அன்று காலை மாமா தோட்டத்தில் நின்றார். நாங்கள் மாமியோடு அறைக்குள் ஒளிந்திருந்தோம். வான் ஒன்றில் வந்து இறங்கியவர்கள் அந்தக் கோஷ்டி அனுப்பிய குருநகர் பாண்ட்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் களிசான். (செத்தவீட்டுக்கு வாசிப்பதுதான் அவர்களுடைய வழக்கமான வேலை என்பதை நான் விசாரிக்கவில்லை.) பிறந்தநாள் பாட்டைத்தான் தொடங்கினார்கள். ஆனால் பழகின செத்தவீட்டு வேகத்தில்!

ஒழுங்கையே கலங்கிப்போனது. முன்வீட்டு அன்ரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். வாசல் படலையில் கூட்டம் சேர்ந்தது. யாரோ, “பந்தலுக்குச் சொல்லியாச்சோ?” என்று கேட்டார். நான் பாய்ந்துபோய் ட்ரம்பெட்டின் வாயைக் கையால் பொத்தினேன்.

அதற்குள் மாமா சேற்றுக் காலோடு ஓடிவந்துவிட்டார். சனம் நிற்கிறது, பாண்ட் நிற்கிறது, மாமியைக் காணவில்லை. “காலமை நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவள்... நான் கேக்காமல் போனனே!” என்று படலையடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். இந்த மனுசனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

“இஞ்சாருங்கோ! எனக்கு ஒண்டுமில்லை!” என்று மாமி ஓடிவந்தார். ஊர் பார்க்கிறது என்றும் யோசிக்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மாமா விம்மி விம்மி அழுதார். பிறகு நிமிர்ந்தார்.

“ஆர் உந்தப் பாண்டைக் கூப்பிட்டது?”

ஒழுங்கை முழுக்க என்னைப் பார்த்தது. என் கல்யாணக் கனவு அந்தப் படலையிலேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பி, என்ரை மனுசி உயிரோடை இருக்கிறாள். இண்டைக்கு ஆர் என்ன கேட்டாலும் குடுப்பன். பிள்ளையைக் கட்டும். ஆனால் இனிமேல் நல்ல விசயம் சொல்ல வந்தால், ஒருத்தரும் சாகேல்லை எண்டதை முதல் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லவேணும்.”

எங்கள் வீட்டுச் சட்டம் இன்றுவரை அதுதான். போன கிழமை எங்கள் மகள் முன்பள்ளி ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்தாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு உரும்பிராய்ப் படலையில் நின்று கத்தினாள்:

“அம்மப்பா, ஒருத்தரும் சாகேல்லை!”

“அப்ப சரி, சொல்லு பிள்ளை” என்றார் மாமா.