ஏறாவூரில வாங்கின பொய் வயிறு

அண்டைக்குக் காலையில எனக்கு இருந்த வேலை ஒண்டுதான். ஏறாவூருக்குப் போய் ஒரு மாட்டு மூத்திரப்பை வாங்கி வாறது.

சிரிக்காதீங்க. நான் மட்டக்களப்பில ஒரு ஆய்வுகூடத்தில உதவியாளர். வயித்துக்குள்ள பரவின புற்றுநோய்க்கு, மருந்தை ஊசியால ஏத்தாம, பனிப்புகார் மாதிரி வயித்துக்குள்ளயே விசிறலாமா எண்டு எங்கட டொக்டர் ஆராய்ச்சி செய்யிறா. எடுத்தவுடன மனுசருக்கு விசிறிப் பாக்க ஏலாதே. அதால ஒரு பொய் வயிறு வேணும்.

முதல்ல பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள விசிறிப் பாத்தம்.

"மனுசர்ர வயிறு பெட்டியில்ல பிள்ளை," எண்டா டொக்டர். "மாட்டு மூத்திரப்பையை உள்வெளியாப் புரட்டினா, உள்ளுக்கு வாற பக்கம் வயித்துச் சவ்வு மாதிரியே இருக்கும். ஓட்டை இல்லாததாப் பாத்து வாங்குங்க. இரவல் வாங்கின விசிறுற மிசின் பின்னேரம் கொழும்புக்குத் திரும்பிப் போகுது. இண்டைக்கு விட்டா பிறகு எப்ப கிடைக்குமோ தெரியா."

இறைச்சிக்கடை நானா கத்தியைக் கீழ வெச்சார். "மூத்திரப்பையா? அது நாங்க எறியிற சாமான் மகள்."

"எறியாம எனக்குத் தாங்க நானா."

"வீட்டில ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்கும் இல்ல. வயித்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு."

இறைச்சி வாங்க நிண்ட ஒரு அம்மா காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவ. "புற்றுநோய்க்கு அது நல்லமா? எனக்கும் ஒண்டு எடுத்து வைங்க," எண்டா.

அதைச் சாப்பிடுற இல்ல, அதுக்குள்ள மருந்தை விசிறிப் பாக்கிறது எண்டு அவவுக்கு விளக்கி முடிக்கிறதுக்கிடையில நானா பார்சலை நீட்டினார். பிரிச்சுப் பாத்தன். வடிவாக் கழுவி, கறிக்கு அளவாத் துண்டு துண்டா வெட்டியிருந்தார்.

"கஷ்டப்படுவீங்க எண்டு நானே வெட்டிட்டன்," எண்டார்.

மாடு அறுக்கிற மடுவத்தில இருந்து அடுத்தது வாற வரைக்கும் ஒண்டரை மணித்தியாலம் கடை வாசல் வாங்கில குந்தியிருந்தன். இந்தத் தரம் நானா அதைக் குழாயால ஊதி, காதுக்குக் கிட்ட வெச்சு, காத்துப் போகுதா எண்டும் பாத்துத் தந்தார்.

ஐஸ் போட்ட ரெஜிபோம் மீன்பெட்டியோட பஸ் ஏறினன். இருந்த ஒரே ஒரு இடம், எங்கட பக்கத்து வீட்டு மாமிக்குப் பக்கத்தில.

"என்ன புள்ள, மீனா?"

உண்மையைச் சொன்னா மட்டக்களப்பு வரைக்கும் விளக்க வேணும். "ஓம் மாமி, கணவாய்."

"கணவாயா? எங்கட அவருக்கு உசிர். எனக்கொண்டு தாவன்," எண்டுகொண்டே மூடியைத் திறந்திட்டா. உத்துப் பாத்தா. "இதென்ன புள்ள, தலையும் இல்ல, காலும் இல்ல."

"துப்பரவாக்கினது மாமி."

குனிஞ்சு மணந்து பாத்தா. உடனே மூடினா. "பழுதாப் போச்சு. உன்னை நல்லா ஏமாத்திட்டான். இறங்கித் திருப்பிக் குடு."

பஸ்ஸில இருந்த எல்லாரும் மாமியின்ட கட்சி. இறங்கும்வரைக்கும் மீன் வாங்கிற விதம் எனக்குப் படிப்பிச்சாங்க.

ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரேக்க மிசினை ஏத்திப் போக வான் வந்து நிண்டுது. அவதி அவதியாப் பையைப் புரட்டி, அதின்ட வாயில குழாயை வெச்சு நூலால கட்டினன். மருந்துக்குப் பதிலா நீலச் சாயம். டொக்டர் மிசினைப் போட்டா. பை மெல்ல உப்பிச்சுது.

"கட்டு இறுக்கமா?" எண்டு கேட்டா.

நான் குனிஞ்சு பாத்தன். இறுக்கமில்ல.

முகத்துச் சாயத்தைத் துடைக்கவும் நேரமில்லாம திருப்பி இறுக்கிக் கட்டி விசிறினம். இந்தத் தரம் சரி. மிசினைக் குடுத்து அனுப்பிட்டு டொக்டர் பையை வெட்டி விரிச்சா. குழாய்க்கு நேர கீழ மட்டும் கடும் நீலம். பக்கமெல்லாம் வெளிறல். அதைக் கவனமா எழுதினா. பிறகு தலையை நிமித்தி என்ட முகத்தைக் கனநேரம் பாத்தா.

"இதிலதான் பிள்ளை சமமாப் படிஞ்சிருக்கு."

மூண்டு நாளாக் கழுவுறன். போறதும் சமமாத்தான் போகுது.