நிதானமாக வரைபவர்

கண்டதும் ஒதுங்கி வழிவிட வேண்டிய உயிரினங்களில் நிதானமாக வரைபவரும் ஒருவர். மதுரையில் இப்போது இவர்கள் தொகை கூடிவருகிறது. தோளில் துணிப்பை, கையில் மடக்கு நாற்காலி, சட்டைப்பையில் ஐந்து பேனா, முகத்தில் சற்று முன்புதான் தன் மூச்சைத் தானே கவனித்து முடித்த களை. அடையாளம் போதுமா?

போதாது. ஓவியர் வேறு, இவர் வேறு. ஓவியருக்குப் படம் நன்றாக வர வேண்டுமே என்ற கவலை உண்டு. இவருக்கு அந்தத் தொல்லை இல்லை. "படம் முக்கியமில்ல சார், பார்க்கிறதுதான் முக்கியம்" என்பார். படத்தைப் பார்த்ததும் அதில் முதல் பாதியை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கே.கே. நகர் ஹரிநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் அதிகாரி. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் 'கொஞ்சம் நிதானமாக இருங்கள்' என்று சொன்ன அன்றைக்கே, நிதானத்துக்கு வேண்டிய சாமான்களை அவசர டெலிவரியில் வரவழைத்தவர். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரையும் குழுவோடு சமயநல்லூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் உட்கார வேண்டும் என்பதற்காக, பால்காரரைத் திட்டி, மனைவி நாகலக்ஷ்மி நீட்டிய காபியை நின்றபடியே விழுங்கி, இரண்டு சிக்னலை மதிக்காமல் தாண்டி, ஒரு எருமையை ஹாரன் அடித்தே தண்ணீருக்குள் இறக்கி, போய்ச் சேர்ந்ததும் கண்ணை மூடி, 'இந்தக் கணத்தில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வார். இருபது நிமிஷம் வரைவார். அப்புறம் படத்தை அதே கண்மாய்க்கு முன்னால் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ. அந்தக் கணம் அதோடு சரி. அடுத்த கணமெல்லாம் எத்தனை லைக் என்று பார்ப்பதற்கு.

வீட்டிலும் தப்ப முடியாது. சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும், இவர் தட்டை வரைந்துகொண்டிருப்பார்.

"சாப்டுட்டு வரையப்படாதா?" என்பாள் நாகலக்ஷ்மி.

"நீ தட்டைப் பார்க்கறே நாகு. நான் தட்டோட இருக்கேன்."

போகட்டும், தட்டுக்கு மனசு கிடையாது. சென்ற மாதம் அவருடைய அப்பா ஹாலாஸ்யத்துக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. எண்பத்தொரு வயது. இடது கண்ணில் பார்வை போய் வெகுகாலமாயிற்று. மிச்சமிருந்தது வலது கண் ஒன்றுதான், அதிலும் இரண்டு வருஷமாக எல்லாம் பனிமூட்டம். மறுநாள் கட்டைப் பிரித்தால் தெரியும், அல்லது தெரியாது. கட்டைப் பிரிக்கும் அன்று காலையிலேயே பெரியவர் மகனைக் கூப்பிட்டார்.

"அவுக்கறச்சே எதிர்ல இருடா ஹரி. உன் மூஞ்சி தெரிஞ்சுதுன்னா எனக்குப் போறும்" என்றார்.

ஹரிநாராயணன் எதிரில்தான் இருந்தார். மடியில் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார். ஜன்னல் வெளிச்சம், கட்டுப் போட்ட தந்தையின் முகம், இப்படியொரு கணம் இனிமேல் வாய்க்குமா? நர்ஸ் முத்துமீனா பிளாஸ்திரியை ஓர் ஓரமாக உரித்து எடுத்தாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றார் தலை நிமிராமல். "அந்தக் கட்டை அப்படியே திரும்ப வைக்க முடியுமா? நான் நிழல் இன்னும் போடலை."

இருபது வருஷ சர்வீஸில் முத்துமீனாவிடம் பார்வை வருமா என்று கேட்டிருக்கிறார்கள், எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். கட்டைத் திரும்ப வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சார், அவுகளுக்குக் கண்ணு தெரியுதான்னு மொதல்ல பாக்கணும் சார்" என்றவள், சொட்டு மருந்து விட்டுவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, மெதுவா தொறங்க. எதுத்தாப்புல என்னா தெரியுது?"

பெரியவர் கண்ணைத் திறந்தார். கூசியது, நீர் வழிந்தது. மெல்ல மெல்லத் தெளிந்தது.

"ஒரு உச்சந்தலை தெரியறது" என்றார். "நடுவுல வழுக்கை. யாருன்னு தெரியலையேம்மா."

ஹரிநாராயணன் காதில் விழுந்தது 'தெரியறது' என்பது மட்டும்தான். அப்பாவுக்குப் பார்வை வந்த சந்தோஷத்தில் அவர் நிமிர்ந்தார், உண்மையான சந்தோஷம்தான், உடனே நோட்டைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கோப்பா, நீங்கதான்."

"நன்னாயிருக்கு" என்றார் பெரியவர். "அதைச் சித்த இறக்கேண்டா."

"அசையாதீங்கோ, போட்டோ எடுத்துக்கறேன்." நோட்டு இறங்கியது. அந்த இடத்துக்கு செல்போன் வந்தது.

அன்று ஹாலாஸ்யம் முழுசாகப் பார்த்த முதல் முகம் முத்துமீனாவுடையது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நன்னாயிருக்கணும்மா" என்றார். அதற்குள் படம் ஏறிவிட்டது. 'அப்பாவுக்குப் பார்வை திரும்பிய கணம். முழுமையாக உடனிருந்தேன்.' முந்நூற்றுப் பன்னிரண்டு லைக். அதில் ஒன்று நாகலக்ஷ்மி போட்டது, பாவம்.

நீங்கள் பென்சிலைத் தொட்டே முப்பது வருஷமாகிவிட்டது, ஆகவே இந்த இனத்தில் நமக்குச் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலை நிமிராமல் இரண்டு தடவை 'ம்' போட்டீர்கள். என்ன கேட்டார்கள்?