பொறுமையால் வளர்ந்த பல்

ஒரு காட்டில், எதைக் கண்டாலும் எரிச்சல்படும் பெருச்சாளி ஒன்று இருந்தது. பெயர் பொன்னுரங்கம். மழை பெய்தால் ஏன் பெய்கிறது என்று எரிச்சல். விட்டால் ஏன் விட்டது என்று எரிச்சல். அதற்காக அது கத்தாது, சண்டைக்கும் போகாது. உட்கார்ந்த இடத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கும், அவ்வளவுதான்.

அதன் வளைக்கு நேர் மேலே, மரப்பொந்தில் ஓர் ஆந்தை குடியிருந்தது. பகலெல்லாம் தூங்க வேண்டிய ஜீவன்.

"செங்கமலம், உன் வீட்டுக்காரரை டாக்டர்கிட்ட காட்டு. இல்லேன்னா நானே இறங்கி வந்து ஒரு முடிவு கட்டிடுவேன்" என்றது ஒரு நாள்.

ஆந்தைகள் பெருச்சாளிகளுக்கு எப்படி முடிவு கட்டும் என்பது பொன்னுரங்கத்தின் மனைவி செங்கமலத்துக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கே புருஷனை இழுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓடியது.

மருத்துவர் ஒரு காட்டெருமை. மேல்வரிசையில் அதற்கு முன்பல்லே கிடையாது. இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கொம்பு பெரிது.

"பல்லைக் கடிக்கிறது ரொம்பத் தப்பு. எல்லாம் தேஞ்சு போயிடும். என்னைப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கேன்" என்றது. பேசி முடிக்கும்வரை அதன் கடைவாய்ப் பற்கள் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து புல்லை அரைத்துக்கொண்டே இருந்தன.

பொன்னுரங்கத்தின் முன்பற்களுக்கு ரப்பர் உறை மாட்டியாயிற்று. "இனி எது நடந்தாலும் சிரிங்க" என்று சொல்லி அனுப்பியது காட்டெருமை.

பொன்னுரங்கம் சிரித்தது. வளைக்குள் வெள்ளம் புகுந்தது. சிரித்தது. மச்சான் குடும்பத்தோடு வந்து தங்கினான். அதற்கும் சிரித்தது. தங்கமான பெருச்சாளி என்று காடே சொன்னது.

ஆனால் பெருச்சாளியின் முன்பல் சாகும்வரை வளரும் பல். முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் அவ்வளவு கெட்டியில்லை. மேலும் கீழும் உரசும்போது பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, முன்விளிம்பு மட்டும் உளிபோலக் கூராக நிற்கும். உரசாவிட்டால் பல் பாட்டுக்கு வளரும்.

வளர்ந்தது. கீழ்ப்பல் மூக்கை முட்டியது. மேல்பல் மோவாய்க்கு வளைந்தது. கிழங்கு கண்ணெதிரே கிடந்தாலும் கடிக்க வழியில்லை. செங்கமலம்தான் மென்று கூழாக்கி ஊட்டியது. பொன்னுரங்கம் எலும்பும் தோலுமாகிவிட்டது. செத்துவிடுவோம் என்று உள்ளூர நடுங்கியது. அப்போதும் சிரித்தது.

மறுபடியும் மருத்துவமனை. வாசலில் டோக்கன் கொடுக்க ஒரு மந்தி.

"கார்டு போட்டோவுல பல்லு இவ்வளவு நீளம் இல்லியே?"

"அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றது செங்கமலம்.

"அப்ப போட்டோவை மாத்திட்டு வாங்க."

மாற்றிக்கொண்டு வந்தார்கள். சர்வர் வேலை செய்யவில்லை. சர்வர் வந்தபோது மந்தி சாப்பிடப் போயிருந்தது. மந்தி வந்தபோது ஒரு நரி, "டாக்டர் எனக்குத் தாய்மாமன்" என்று சொல்லிக்கொண்டு எல்லோரையும் தாண்டி உள்ளே போனது. காட்டெருமை எப்படி நரிக்குத் தாய்மாமன் ஆகும் என்று மந்தி கேட்கவில்லை.

வரிசையிலேயே ஓர் அமாவாசை கழிந்தது. கடைசியில் மந்தி சொன்னது: "இந்த டோக்கன் தேதி முடிஞ்சுபோச்சு. புதுசா வாங்குங்க."

பொன்னுரங்கத்தின் சிரிப்பு நின்றது. நற என்றொரு சத்தம். ரப்பர் உறை கிழிந்து கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு நறநற ஓயவேயில்லை. புது டோக்கனுக்கு நறநற. நரி மறுபரிசோதனைக்கு வந்ததற்கு நறநற. ஒருவழியாகக் கூப்பிட்டபோது பல் பழைய அளவுக்கு வந்து, உளிபோலப் பளபளத்தது.

காட்டெருமை வாயைத் திறந்து பார்த்து, "பாத்தீங்களா? எல்லாம் பொறுமையோட பலன்" என்றது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுரங்கம் ஒரே கடியில் கிழங்கைப் பிளந்தது. செங்கமலம் அழுதேவிட்டது.

இப்போதெல்லாம் பொன்னுரங்கம் வாரம் தவறாமல் அந்த வரிசைக்குப் போகிறது. முறை வந்தால் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொள்கிறது. வீட்டில் சத்தமே இல்லை. ஆந்தை நன்றாகத் தூங்குகிறது.

நீதி: கோபத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவதிப்படாதீர்கள். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஊரெங்கும் வரிசைகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.