டெண்டர் அங்கிள் வாங்கிய மோட்டார்

டெண்டர் அங்கிளைப் போல இன்னும் பத்துப் பேர் பிறந்திருந்தால் இந்த நாட்டில் வியாபாரம் என்ற ஒன்றே நடந்திருக்காது. கடைகள் இருக்கும், சரக்கு இருக்கும், காசோடு ஆட்களும் நிற்பார்கள். எல்லோரும் மூன்றாவது கொட்டேஷன் வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கீழ்வீடு அவருடையது. கும்பகோணத்துக்காரர். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் சேர்ந்து அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். மூன்று பேரிடம் விலை கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது என்ற விதி அவரோடு வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலைக்கே மூன்று தள்ளுவண்டிகளில் விசாரிப்பார். அவருடைய சொந்தப் பெயர் கேட்டில் பித்தளை எழுத்தில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

அவரோடு ஆட்டோ பிடிப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. முதல் ஆட்டோவை நிறுத்தி விலை கேட்பார். "ஓரமா நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டாவதை நிறுத்துவார். மூன்றாவது வருவதற்குள் முதல் ஆட்டோக்காரர் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு பறந்துவிடுவார்.

"பாத்தியா, ஒரு பார்ட்டி வாபஸ் வாங்கிட்டான். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

நானும் ஒருமுறை அவரோடு நின்றேன். இருட்டியதும் நடந்து வீடு திரும்பினோம். போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துபவர் ராஜி ஆன்ட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் போலாரத்தில் ஒரு சிநேகிதியின் பழைய பங்களா வராந்தாவில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார். எல்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தமிழில் கேட்டால் புரியும், பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். "சாப்பிட்டியாடா?" என்றால் "ஹவ் ஆன்ட்டி" என்று ஹைதராபாத் ஹிந்தியில் ஆமாம் போடுவார்கள். அவர்களில் ஒரு வாண்டு ஒருநாள் தானாகவே "எனக்குப் பசிக்குது" என்று முழுசாகச் சொல்லிவிட்டது. ஆன்ட்டி அன்று எங்கள் கட்டடம் முழுக்கக் கேசரி கொடுத்தார்.

அந்த வகுப்புக்கு ஆன்ட்டியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது அங்கிள்தான். போன குளிர்காலத்தில் அவர் வேகத்தடையில் தனியாகச் சறுக்கி விழுந்தார். புனேயிலிருந்து மகள் வந்து, முழங்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரை விற்றுவிட்டு, கையோடு லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். ஒரே ஆளிடம் விலை கேட்டு விற்றுவிட்டாளே என்பதுதான் அங்கிளின் ஒரே வருத்தம்.

பஸ் என்றால் மாறிப் போக வேண்டும், ஆன்ட்டியின் முழங்காலுக்குப் படி ஆகாது. ஆட்டோ விஷயம் மேலே சொன்னதுதான். ஆன்ட்டி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்:

"ஜூன்ல கிளாஸ் திறக்கணும். அதுக்குள்ள வண்டிக்கு ஒரு வழி பண்ணலேன்னா பசங்க அம்மாங்ககிட்ட சொல்லி மொத்தமா நிறுத்திடுறேன். இவரோட ரோட்டுல நின்னு ஏலம் போட எனக்குத் தெம்பில்ல."

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே பேரன் விட்டுப்போன கியர் சைக்கிள் ஒன்று கிடந்தது. டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும், அவ்வளவு தடி டயர். எனக்கோ சைக்கிளில் மோட்டார் மாட்டும் வீடியோக்களைப் பார்ப்பதுதான் சோறு தண்ணி.

"அங்கிள், இதுல மிட் டிரைவ் மோட்டார் வெச்சா ஆன்ட்டியப் பின்னால உக்கார வெச்சே போலாமே" என்றேன்.

அது ஹோலிக்கு மறுநாள். அந்த ஒரு வாக்கியத்தின் களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

"மிட் டிரைவ்னா?"

"சக்கரத்துக்குள்ளயே மோட்டார் வைக்கிறது ஒரு வகை அங்கிள். சமதரைக்கு ஓகே. பின்னால ஆள் வெச்சு ஏற்றம் ஏறினா திணறும், சூடாயிரும். இது பெடல் அச்சு இருக்குற எடத்துல உக்காரும். மோட்டார் செயினை இழுக்கும். நாம கியரைக் குறைச்சா இழுவை கூடும். ஆயிரம் வாட் வரைக்கும் கிடைக்குது!"

"இருநூத்தம்பதுக்கு மேல போனா ரெஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ். நக்கோ, வேண்டவே வேண்டாம். விதிக்குள்ள இருக்கிறதுல எது ரொம்ப இழுக்குமோ அதப் பாரு. இன்னிலேருந்து நீதான் டெக்னிக்கல் கமிட்டி."

அந்தக் கமிட்டியில் ஒரே உறுப்பினர் நான். ஆனாலும் கூட்டம் தினமும் நடந்தது. மல்லாபூரில் வேலை முடிந்து என் சைக்கிளில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கீழிருந்து குரல் வரும்: "கமிட்டி வந்தாச்சா?"

கோயம்புத்தூரில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், புனேயில் ஒருவர் என மோட்டார் விற்கும் மூன்று பேரைப் பிடித்தோம். பாவம், மூவரும் நல்லவர்கள். இழுவை எவ்வளவு, மழையில் நனையலாமா, பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதோடு அங்கிள் நிறுத்தியிருந்தால் ஏப்ரலில் முடிந்திருக்கும். அவர் உப்புக்காற்றில் துருப்பிடிக்குமா என்று கேட்டார்.

"அங்கிள், ஹைதராபாத்ல கடலே இல்லையே."

"இன்னிக்கு இல்ல."

புனேக்காரர் எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அங்கிள் அதை "விருப்பமின்மை தெரிவித்துள்ளார்" என்று எடுத்துக்கொண்டு, மூன்றாவது ஆளுக்காக மறுபடி தேடச் சொன்னார். நான் என் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு தேடினேன்.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்தது. யாருக்காவது மோட்டார் விற்பவர்களைத் தெரிந்திருக்கலாம் என்று, தேவையான விவரங்களை அங்கிள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதில் ஒரு வரி: "பின் இருக்கைப் பயணி: பெண், எழுபத்தெட்டு கிலோ. எதிர்கால விரிவாக்கத்துக்குப் பத்து சதவீதம் கூடுதல்."

ஆன்ட்டி போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார்.

"என்னங்க இது?"

"டிசைன் மார்ஜின் ராஜி. எல்லாத்துக்கும் விடுறதுதான்."

"எல்லாத்துக்கும் விடுங்க. எனக்கு எதுக்கு விடுறீங்க?"

அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அங்கிளும் நானும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். மூன்றாவது ஓட்டலில்.

ஒருவழியாக மூன்றாவது கொட்டேஷனும் கிடைத்து, பெங்களூர்க்காரருக்கு ஆர்டர் போனது. மே மாதம் வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மதியம், பெங்களூரிலிருந்து மோட்டார் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கன்னங்கரேல் என்று, கையில் கனமாக, அவ்வளவு அழகு. சைக்கிளை உருட்டிக்கொண்டு சலீம் பாயின் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு ஓடினோம். சலீம் பாய் பெடலைக் கழற்றி, அச்சை உருவி, மோட்டாரை அந்தத் துளையில் செருகினார். மறுபக்கம் நட்டு போட மோட்டாரின் அச்சு வெளியே வரவேயில்லை. தடி டயர் சைக்கிளுக்கு அச்சு இருக்கும் குழாயும் அகலம். நாங்கள் வாங்கியது சாதாரண சைக்கிள் அளவு.

கடல் உப்பு வரை கேட்டவர்கள், சைக்கிளில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை.

"கைக்கு டென்ஷன் சாப், எதுக்குக் கவலை?" என்று சலீம் பாய் ரம்பத்தை எடுத்தார். "குழாயை ரெண்டு பக்கமும் அறுத்துடலாம்."

"நக்கோ!" என்று அங்கிள் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடியது.

"ஏன் அங்கிள் அளக்கல?" என்றேன்.

"பர்ச்சேஸ் எப்பவும் அளக்காதுப்பா. அளந்து குடுக்கிறது யூசர் டிபார்ட்மென்ட் வேலை. என் சர்வீஸ் முழுக்க அப்படித்தான்."

"இங்க யூசர் யாரு?"

இருவரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம். ஆன்ட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நானா? எனக்கு உக்கார எடம் இருந்தா போதும். அச்சு, குச்சியெல்லாம் நான் எதுக்கு அளக்கணும்?" என்றவர், கத்தியைத் தட்டில் வைத்தார். "விடுங்க. போதும். எனக்கே அலுத்துப்போச்சு. பசங்களும் வேற கிளாஸுக்குப் போவாங்க."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். எழுந்துபோய் அலமாரியில் இருந்த எழுத்து அட்டைகளை ஒரு பழைய துணிப்பையில் போட ஆரம்பித்தார். அ, ஆ, இ எல்லாம் பிள்ளைகள் கலர் அடித்தவை. அன்று மாலை "கமிட்டி வந்தாச்சா?" என்ற குரல் வரவில்லை. அது வராதது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை அவரே மாடியேறி வந்தார். கையில் அளக்கும் டேப்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரர் நம்பர் குடு. அவர்கிட்ட அகலமான அளவு இருக்குன்னு சொன்னீல்ல?"

"இருக்கு அங்கிள். மத்த ரெண்டு பேர்?"

"மத்தவங்களக் கேக்க நேரமில்ல. ஜூன் வந்துடும்."

"சிங்கிள் டெண்டரா அங்கிள்?"

நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. சர்வீஸ் முழுக்க எத்தனையோ அதிகாரிகள் அதட்டியும் கெஞ்சியும் ஒரு சிங்கிள் டெண்டரில்கூடக் கையெழுத்துப் போடாத ஆள். அதனாலேயே இரண்டு பதவி உயர்வு போனது என்று ஆன்ட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அளவு மட்டும் மூணு தடவை எடுத்துட்டேன்" என்றார், தனக்குத்தானே சமாதானம் சொல்வது போல. பிறகு போனில் பேரம் பேசாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு, பேசி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

பொருந்தாத மோட்டார் என் சைக்கிளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதை எனக்குக் கொடுக்க மட்டும் அவர் விதியைத் தளர்த்தவில்லை. "பழைய பொருளை விக்கிறதுக்கும் மூணு பேர் விலை சொல்லணும்" என்றார். நானும், என் பெயரில் சலீம் பாயும், சலீம் பாய் பெயரில் மறுபடி நானும் விலை சொல்லி ஒருவழியாக வாங்கினேன்.

புது மோட்டார் வந்தது, உட்கார்ந்தது, ஓடியது. மல்லாபூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பின்னால் மெத்தை வைத்த உறுதியான கேரியரும் போட்டாயிற்று. ஆனால் சோதனை ஓட்டம் இல்லாமல் ஆன்ட்டியை ஏற்ற முடியாதாம். எழுபத்தெட்டு கிலோவும் பத்து சதவீதமும் வர, நான் பின்னால் உட்கார்ந்து மடியில் ஓர் அரிசி மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தெருவே பார்த்தது.

போலாரம் போகும் வழியில், யாப்ரால் பக்கத்து ஏற்றம் வந்தது.

"இப்ப பேசு" என்றார் அங்கிள்.

"என்ன பேசட்டும்?"

"எதையாவது பேசு. நிறுத்தாம பேசு."

மோட்டார் சத்தத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அரிசி மூட்டைமேல் தாடையை வைத்துக்கொண்டு என் மேனேஜரைப் பற்றி, காலேஜ் ஹாஸ்டலில் குடித்த சாம்பாரைப் பற்றி, திண்டுக்கல்லில் அம்மா பார்த்துவைத்திருக்கும் ஜாதகங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் மிதித்துக்கொண்டே "ம்... சரி... அப்புறம்?" என்றார். ஏற்றம் முடிந்ததும் இறங்கி, தன் மார்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

"மூச்சு வாங்குதா எனக்கு?"

"இல்லையே அங்கிள்."

"அப்ப டெஸ்ட் பாஸ்" என்றார்.

ஜூன் முதல் ஞாயிறு. ஆன்ட்டி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"அரிசி மூட்டையெல்லாம் ஏறி இறங்கின எடத்துல நான் உக்காரணும், அப்படித்தானே?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். நான் என் சைக்கிளில் பாதுகாப்புக்குப் பின்தொடர்ந்தேன்.

பின்தொடர முடியவில்லை ஐயா. மோட்டாரில் வேகத்துக்கு ஐந்து லெவல் இருக்கிறது. அங்கிள் ஒன்றிலேயே ஓட்டினார். காய்கறி வண்டி எங்களை முந்தியது. ஒரு நாய் எங்களோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பியது. நான் பொறுமையிழந்து முன்னால் போய் ஏற்றத்தின் உச்சியில், ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். மூன்று மாத அலைச்சல், இத்தனை இழுவை, எல்லாம் இந்த ஊர்வலத்துக்குத்தானா என்று எரிச்சலாக இருந்தது.

முதலில் வந்தது ஆன்ட்டியின் குரல். "...அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா, வளையல் அளவு சின்னதாம், மாத்தித் தரணுமாம்..." அதற்குப் பின்னால், ஏற்றத்தில், கொஞ்சமும் இரைக்காமல், அங்கிளின் குரல்: "ம்... அப்புறம்?"

பங்களா வாசலில் ஆன்ட்டி இறங்கி உள்ளே போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வேகத்துக்கு எதுக்கு அங்கிள் இவ்ளோ பவர்?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்தார். "வேகத்துக்கு யார் கேட்டா? ஸ்கூட்டர்ல போனா காத்துல அவ சொல்றது பாதி காதுல விழாது. ஆட்டோன்னா டிரைவர் கேக்குறான்னு பேச மாட்டா. வெறும் சைக்கிள்னா எனக்கு இரைக்கும், பதில் சொல்ல வராது. வீட்டுல அவளுக்கு வேலை சரியா இருக்கு. இந்தப் பத்து கிலோமீட்டர்தான்." ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "பதில் சொல்லணும்ல" என்றார்.

உள்ளே ஏதோ ஒரு வாண்டு "ஆன்ட்டி வந்துட்டாங்க!" என்று கத்தியது. தமிழில்.

இப்போது நான் வேலை மாறி ஊரின் மறுகோடியில், கொண்டாபூரில் இருக்கிறேன். அந்தப் பழைய மோட்டார் என் சைக்கிளில் நன்றாகத்தான் ஓடுகிறது. போன வாரம் பின்னால் ஒரு மெத்தைக் கேரியர் மாட்டினேன். உட்கார இன்னும் ஆள் வரவில்லை, இருக்கட்டும். ஒரே கடையில் விலை கேட்டு வாங்கிவிட்டேன். இதைப் படித்ததும் அங்கிள் போன் போட்டுத் திட்டுவார். திட்டட்டும், அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.